மஞ்சள் தெருவில் மிளகாய் மில்

எங்கள் தெரு மஞ்சள் நிறம். பேரூராட்சி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த ஊர்ப் படத்தில் அப்படித்தான் தீட்டியிருந்தார்கள். குடியிருக்கிற இடத்துக்கு மஞ்சள், மில்லும் பட்டறையும் வரலாம் என்ற இடத்துக்கு ஊதா. அந்த ஊதா, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த கரிசல் காட்டில் இருந்தது. அங்கே ஆடு மேய்ந்ததே தவிர ஒரு செங்கல்லை யாரும் வைக்கவில்லை. நடந்ததெல்லாம் மஞ்சளில்தான். முன்னறையில் கடை, பின்னறையில் அடுப்பு என்று வியாபாரக் குடும்பங்கள் வாழும் தெரு அது. படத்தை வரைந்தவர் எங்கள் தெருவுக்குள் ஒரு நாளாவது நடந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஊர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பக்கம். பேரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தெருவுக்கு மருமகளாகப் போனேன். என் வீட்டுக்காரருக்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. நல்ல மனிதர், சண்டைக்குப் போகத் தெரியாதவர். சின்ன வயசிலிருந்தே இளைப்பு. பெண் பார்க்க வந்தபோது அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு நானே தெரிந்துகொண்டேன். வாசலில் ஒரு மாடு தூசி கிளப்பிக்கொண்டு போனால் இவருக்கு நெஞ்சில் விசில் கேட்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே எனக்கு இருந்த கவலையெல்லாம் அந்த ஒரு நெஞ்சைப் பற்றித்தான்.

அடுத்த வீடு இவருடைய பெரியப்பா வீடு. எனக்குப் பெரிய மாமா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவருடைய மகன், என் கொழுந்தனார், வீட்டின் பக்கவாட்டில் ஒரு கொட்டகை போட்டு மாவு மில் வைத்தார். அதற்கு அக்கம்பக்கத்தார் சம்மதம் வேண்டும் என்று பேரூராட்சியில் சொன்னார்கள். இவர்தான் முதல் ஆளாகச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். அதில் எனக்கும் வருத்தமில்லை. அரிசிக்கும் கம்புக்கும் அதுவரை ஒரு மைல் நடந்துகொண்டிருந்தோம். மாவுத் தூசி பறந்தாலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் சமாளிக்கலாம். பெண்கள் தூக்குச் சட்டியும் தகர டப்பாவுமாக வரிசையில் நிற்பார்கள், அவர்களோடு ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன்.

பிறகு கொழுந்தனாருக்கு மிளகாய் ஆசை வந்தது. நரிக்குடிப் பக்கமிருந்தும் கமுதிப் பக்கமிருந்தும் வத்தல் மூட்டைகளை எடுத்து, இங்கேயே அரைத்து, பாக்கெட் போட்டு மதுரைக் கடைகளுக்கு அனுப்பினால் மாவு மில்லைப் போலப் பல மடங்கு வரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தனி மிசின் வேண்டும், பெரிய மோட்டார் வேண்டும். மஞ்சள் தெருவில் அவ்வளவு பெரிய மோட்டார் வைக்க விசேஷ அனுமதி வேண்டும். மனுப் போட்டார். ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று பேரூராட்சிக்காரர் ஒருவர் மில் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே நான் சொன்னேன், "ஏங்க, எழுதிக் குடுத்துருங்க" என்று.

"பங்காளி மேல மனுவா?" என்றார் இவர். ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டவர் முகம் அப்போது அவருக்கு.

எங்கள் பங்காளிகளிடம் அது ஒரு வழக்கம். சொந்த ரத்தத்தின் மேல் சர்க்காருக்குக் காகிதம் எழுதக்கூடாது. குறை இருந்தால் மூத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் பேசித் தீர்ப்பார். காகிதம் எழுதிய வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வராது, சாவுச் சேதிகூடக் கடைசியாகத்தான் வரும். ஆகவே இவர் பெரிய மாமாவிடம் போனார். நானும் கூடப் போய் நிலைப்படியில் நின்றேன்.

பெரிய மாமா பழைய வத்தல் வியாபாரி. கைநிறைய அள்ளிய மிளகாயைக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கியே எந்த ஊர்க் காடு என்று சொல்வார் என்று பேர். தன் தம்பி மகன் மேல் அவருக்கு உண்மையான பாசம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

"ஏலே, நான் இருக்கேன்ல. மிளகா இந்தக் கொட்டாய்க்குள்ள வராது. நீ போயி கடையப் பாரு" என்றார்.

இவர் போய்க் கடையைப் பார்த்தார். பெரிய மாமா மகனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டதும் உண்மை. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. கொழுந்தனார் தலையை ஆட்டினார். ஒரு மாதம் ஓடியது. நோட்டீஸ் வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து போனது. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை என்று எழுதி அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே மிசின் வந்து இறங்கியது. பெரிய மாமாவுக்கே அது லாரிச் சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

நான் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் போய் நின்றேன். இவர் வரவில்லை, கூச்சம்.

"ஆட்சேபணை இருந்தா அப்பவே எழுதிக் குடுத்துருக்கணும்மா. பெரியவர்கிட்ட வாயால சொன்னதை நான் எந்த ஃபைல்ல சேர்க்க?" என்றார் அவர். அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சலாக இருந்தது.

மிளகாய் அரைக்கும் மில் பக்கத்தில் குடியிருந்திராதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முதலில் தொண்டையில் ஒரு அரிப்பு. பிறகு தும்மல். தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலுக்கு வந்ததும் தும்முவார்கள், தும்மிவிட்டுச் சிரிப்பார்கள். தபால்காரர், "உங்க வீட்டு லெட்டரத் தும்மாம குடுக்க முடியலம்மா" என்பார். குடத்துத் தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு படலம் மிதக்கும். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு எடுத்தால் இளஞ்சிவப்பில் இருக்கும். ஜன்னல் கம்பியைத் துடைத்த விரலைத் தெரியாமல் கண்ணில் வைத்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு இதெல்லாம் தொந்தரவு, அவ்வளவுதான். இவருக்கு உயிர்.

முதல் வத்தல் சீசனில் இவர் படுத்துத் தூங்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் தலையணை வைத்துக் கவிழ்ந்துகொள்வார். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கும். ஒரு வார்த்தை பேச மூன்று முறை மூச்சு வாங்குவார். அருப்புக்கோட்டை டாக்டர் நரம்பில் ஊசி போட்டு அனுப்புவார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நன்றாகத்தான் இருப்பார். தெருமுனையில் இறங்கியதும் மறுபடி விசில் ஆரம்பிக்கும். "இவரை அந்த நெடியில வச்சிருந்தா என் ஊசி எத்தனை நாளைக்கும்மா தாங்கும்?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வேறு யாரையும் திட்ட அவருக்கு வசதியில்லை.

வேறு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பரம்பரை வீட்டை விட்டு வாடகைக்குப் போனால் கடைக்குக் கெட்ட பேர், சரக்குக் கொடுக்கிறவன் யோசிப்பான் என்று இவர் பயந்தார். மிளகாய் மில்லின் பக்கத்து வீட்டை விலைக்கு வாங்கவும் யாரும் வரவில்லை. கேட்டது கொழுந்தனார் ஒருவர்தான், மூட்டை அடுக்க.

அந்த வருடம் நான் மேல்முறையீடு எழுதினேன். எழுதியது நான், கையெழுத்து இவருடையது. பேனாவைக் கையில் கொடுத்தபோது அவர் ஸ்டூலில் கவிழ்ந்திருந்தார். "பெரியப்பா என்ன நினைப்பாரோ" என்றார். "நீங்க செத்தா என்ன நினைப்பாருன்னு யோசிங்க" என்றேன். என் வாய் அப்படித்தான். போட்டுவிட்டார்.

மேல் ஆபீஸ் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. பல தடவை வரச் சொன்னார்கள், வந்ததும் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஐயா டூரில் இருக்கிறார், ஃபைல் மாடியில் இருக்கிறது, இன்றைக்குக் கட்சி ஊர்வலம். கடைசியில் விசாரணை நடந்தது. கொழுந்தனார் ஒரு வக்கீலோடு வந்திருந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் கடை இல்லை, மஞ்சள் என்பது படத்தில் மட்டும்தானே என்று வக்கீல் கேட்டார். அதிகாரி பொறுமையானவர். இவர் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் ஆளை அனுப்புறேன். நேர்ல வந்து பார்க்கட்டும். மிசின் ஓடறப்ப நெடி இருக்குன்னு அவர் எழுதுனா அனுமதியை ரத்து பண்ணிடலாம்" என்றார்.

வெளியே வந்து நாங்கள் டீ குடித்தோம். என்னவோ பாதி ஜெயித்துவிட்டது போல எனக்கு இருந்தது. நெடிதானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது? மிசின் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை ஓடுகிறது. எந்த நாள், எந்த நேரம் அந்த ஆள் வந்தாலும் தும்மாமல் திரும்ப முடியாது என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பெரிய மாமா எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். மனுப் போட்டதற்காக அல்ல, தன் வாக்கு தன் கொட்டகைக்குள்ளேயே செல்லாமல் போன வெட்கத்தில் என்று நான் நினைக்கிறேன். ஐப்பசி மழை ஒரு வாரம் பெய்து ஓய்ந்த சமயம், ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்களுக்கும் தீட்டுதான். பிணம் எடுத்ததும் பங்காளி வீடுகள் அத்தனையும் தரையிலிருந்து உத்தரம் வரை கழுவ வேண்டும். நானும் கழுவினேன். ஜன்னல் கம்பி, நிலை, பரண், சுவர், எதையும் விடவில்லை. சிவப்புத் தண்ணீர் வாசல் வழியாக வாய்க்காலுக்குப் போயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் பங்காளி வீட்டு அடுப்பில் தாளிக்கக்கூடாது. துக்க வீட்டில் உரல் சத்தமும் கேட்கக்கூடாது. மில் வந்த பிறகு அந்த வழக்கத்தில் மில்லையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு உரல்தானே? கொழுந்தனார் அப்பாவின் உடலைக் கிடத்திய நிமிஷமே மெயின் சுவிட்சை இறக்கி, கொட்டகையைப் பூட்டி, சாவியைத் தன் அம்மாவிடம், அதாவது பெரிய அத்தையிடம், கொடுத்துவிட்டார். வாசலில் நின்ற லோடு வண்டிகளையும் திருப்பி அனுப்பினார். அப்பாவுக்கு அந்த மரியாதையை மனசாரச் செய்தார், குறை சொல்ல மாட்டேன்.

மில் நின்ற மூன்றாம் நாள் இவர் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் இல்லை. முகத்தில் ரத்தம் வந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டார், பந்தலுக்குக் கயிறு கட்டினார். துக்க வீட்டில் சந்தோஷப்படுவது பாவம் என்று தெரிந்தும் நான் சந்தோஷப்பட்டேன்.

காரியத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது அந்த ஆள் வந்தார். மேல் ஆபீஸிலிருந்து தணிக்கைக்கு. கையில் ஃபைல், கூடப் பேரூராட்சிக் கிளார்க்.

பந்தலில் பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளார்க் பெரிய அத்தையிடம் சாவி வாங்கித் திறந்துவிட, தீட்டுக்குக் கழுவியிருந்த கொட்டகைக்குள் அவர் போய் மிசினைச் சுற்றிப் பார்த்தார், மோட்டாரின் மேலிருந்த தகட்டைப் படித்தார், மூக்கால் இழுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மழையில் நனைந்த கரிசல் மண்வாசனைதான் இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஜன்னல் கம்பியை விரலால் தடவினார். விரல் சுத்தமாக இருந்தது. என் கையால் நான் தேய்த்துக் கழுவிய கம்பி அது.

"ஐயா, பதினாறு முடிஞ்சு வாங்க. இப்ப மில்லு ஓடல, சாவு வீடு" என்றேன்.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? நாளைக்கு ரிப்போர்ட்ட வச்சாகணும். அடுத்த வாரம் எனக்கு வேற ஊரு மாத்தல். மறுபடி ஆளு போட எத்தனை மாசம் ஆகுமோ. பார்த்ததத்தான் நான் எழுத முடியும்."

"பார்க்கணும்னா ஓடணும்ல? ஒரு பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்க, பார்த்துட்டுப் போங்க."

அவர் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே கேளுங்கம்மா" என்றார்.

நான் கேட்டேன். பந்தலுக்கு நடுவே போய் நின்று, ஆம்பளைகள் எல்லோருக்கும் முன்னால், தரையில் உட்கார்ந்திருந்த கொழுந்தனாரிடம், "தம்பி, மிசினைப் பத்து நிமிஷம் போடுங்க" என்றேன். எந்த மிசின் என் புருஷனைக் கொல்கிறதோ அதை ஓட்டச் சொல்லி நானே கெஞ்சினேன்.

கொழுந்தனார் எழுந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மதினி, நீங்களா இப்படிக் கேக்குறீக? அப்பா போயி இன்னும் காரியம் முடியல. இப்ப மிசின் ஓடுனா நாளைக்கு ஊருக்குள்ள என் மூஞ்சில முழிப்பாகளா? வேற எது வேணுமின்னாலும் கேளுங்க மதினி."

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் நான் அவரைக் கிழித்திருப்பேன். பெரிய அத்தை உள்ளேயிருந்து, "புருஷன் வீட்டுத் துக்கத்துல மில்லு ஓட்டச் சொல்ற மருமகள இப்பத்தான் பாக்கேன்" என்று ஓலமிட்டார். பந்தலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவர் வந்தார். நேராக நடந்து, இளைக்காமல் வந்தார். "உள்ள போடி, கோட்டி பிடிச்சவளே" என்று என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என்னை அவர் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். பிறகு தணிக்கைக்காரரிடம் திரும்பி, "வெயில்ல வந்துருக்கீக, உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"மனுதாரர் நீங்கதானா?"

"ஆமா சார்."

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்ல சார். கொஞ்ச நாளா நல்லாத்தான் இருக்கேன்."

மில் நின்றதால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கொள்ளி வைத்த மகன் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. நான் நிலைக்குள்ளிருந்து கத்திச் சொன்னேன். பொம்பளை கத்துவதை அவர் ஃபைலில் எழுதினாரா என்று தெரியாது.

உத்தரவு தை மாதம் வந்தது. நேரடித் தணிக்கையில் நெடியோ தூசியோ காணப்படவில்லை, மனுதாரர் நல்ல உடல்நிலையில் காணப்பட்டார், மேல்முறையீடு தள்ளுபடி. அதற்கும் மேலே போகலாம், சென்னைக்கு எழுதலாம் என்று கிளார்க் வழி சொன்னார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். அந்த உத்தரவில் ஒரு பொய்யும் இல்லை. அதை எத்தனை தடவை படித்தாலும் யார் மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எல்லோர் மேலும் பட்டேன்.

மில் பதினேழாம் நாளே திறந்தாயிற்று. அந்த மாசியில் வத்தல் நல்ல விளைச்சல். மூட்டைகள் கொட்டகை கொள்ளாமல் எங்கள் வாசல்வரை அடுக்கியிருந்தன. இவர் மறுபடி ஸ்டூலுக்குப் போனார். பந்தலில் நான் செய்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ஒரு சாயங்காலம் மட்டும், ஈரத்துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ கேட்டது சரிதான்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

பங்குனி வெயிலில், டாக்டரிடம் கூட்டிப்போக பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஸ்டாண்டு பெஞ்சில் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். மில் இரைச்சல் அங்கே வரைக்கும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தும்போது அந்தச் சத்தம் இல்லை. கொழுந்தனார் ஓடி வந்தார். சட்டையெல்லாம் மிளகாய்த் தூள். குளிக்கக்கூட இல்லாமல் வந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணே அண்ணே என்று அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிசினை நிறுத்திட்டேன் மதினி. பதினாறு முடியுற வரைக்கும் போட மாட்டேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

"போடுங்க" என்றேன். "இப்பவே போய்ப் போடுங்க. நின்னு இனி யாருக்கு?"

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். மிசின் ஓடவில்லை. பதினாறு நாளும் ஒரு பொட்டுத் தூசி இல்லாத காற்று ஜன்னல் வழியாக வந்தது. அந்தக் காற்றில் படுத்து நான் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.